நகரம் கலைந்த நாளில் அங்கேயே நின்றவர்
புனித யோசேவாஸ் அடிகளாரின் வாழ்வு

யூபிலி மலர் என்றால் அதிலே ஆலய வரலாறும், பங்கை வழிநடத்திய குருவானவர்களின் பெயர்களும், திருப்பணிக்குக் கைகொடுத்தோர் விபரமும் இடம்பெறுதல் வழக்கம். அவை இம்மலரின் ஏனைய பக்கங்களிலே உள்ளன. நாமோ இப்பக்கங்களிலே, எமது ஆலயத்துக்கு முதற்கல் வைக்கப்படுவதற்கு வெகு காலத்துக்கு முன்னரே இந்நாட்டில் அணையவிருந்த விசுவாச விளக்குக்கு எண்ணெய் வார்த்த ஒருவரின் வாழ்வை நினைவுகூர விரும்புகின்றோம்.

யோசேவாஸ் அடிகளார் எம்மவர்க்குப் புதியவர் அல்லர். அவரது சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றாத பங்கு நம் நாட்டிலே அரிது. ஆயினும் மழை பெய்வித்த புனிதர் என்ற அளவிலேயே நம்மிற் பலர் அவரை அறிவர். அதைவிடப் பெரியதொன்று அவர் வாழ்விலே நடந்தது. 1697ஆம் ஆண்டு கண்டி மாநகரில் வைசூரி நோய் பரவியது. அரசரும் பிரதானிகளும் நகரைவிட்டு அகன்றனர். பிள்ளையைத் தாயும் தாயைப் பிள்ளையும் கைவிட்டு ஓடிய அந்நாட்களிலே, ஓடுவதற்கு எல்லாரிலும் கூடுதலான காரணம் உடைய ஓர் அந்நியர் மட்டும் அங்கேயே நின்றார். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் அதே நகரம் அவரை ஒற்றன் என்று சொல்லிச் சிறையில் அடைத்திருந்தது. அவர் ஏன் நின்றார் என்பதை விளங்கிக்கொள்ள, அவர் வந்த வழியை முதலிலே பார்ப்போம்.

கோவையில் பிறந்தவர்

போர்த்துக்கேயரின் ஆட்சியிலிருந்த கோவா நாட்டிலே, பெனாலிம் என்னும் ஊரில் 1651ஆம் ஆண்டு சித்திரை மாதம் 21ஆந் திகதி யோசேவாஸ் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவாவோ வாஸ், தாயார் மரிய தெ மிராண்டா. தந்தையாரின் ஊர் சான்கோல். கொங்கணி பேசும் பிராமண மரபிலே தோன்றி, கத்தோலிக்க மறையைத் தழுவியிருந்த குடும்பம் அது. பெனாலிம் புனித அருளப்பர் ஆலயத்திலே குழந்தை ஞானஸ்நானம் பெற்றது.

சிறுவன் சான்கோலிலே போர்த்துக்கேய மொழியும், பெனாலிமிலே இலத்தீனும் கற்றான். பின்னர் கோவா நகரிலே இயேசு சபையினரின் புனித பவுல் கல்லூரியிலும், சாமிநாதர் சபையினரின் கல்விக்கூடத்திலும் மேற்படிப்பு முடித்தான். 1676ஆம் ஆண்டு, 25 வயதளவில், குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்த ஆண்டு ஆவணி மாதத்திலே தம்மைத் தேவதாயின் அடிமையாக எழுதிக்கொடுத்து ஓர் அடிமைச் சாசனம் தீட்டினார். ஒருவரைத் தலைவராக ஏற்றபின் அந்த ஏற்பிலிருந்து பின்வாங்காத குணம் அவரிடம் அக்காலத்திலேயே வேரூன்றியிருந்தது என்பதற்கு இச்சாசனம் சான்று.

இலங்கையிலே கத்தோலிக்க மக்கள் குருவானவர் இன்றித் தவிக்கின்றனர் என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது. அங்கே போக வேண்டுமென்று விண்ணப்பித்தார். மேலதிகாரிகளோ 1681ஆம் ஆண்டு அவரை மங்களூர்ப் பக்கமுள்ள கன்னட நாட்டு மறைப்பணிக்கு அனுப்பினர். மூன்று ஆண்டுகள் அங்கே உழைத்துத் திரும்பினார். 1685ஆம் ஆண்டு கோவாவிலே சில இந்தியக் குருக்கள் ஒன்றுகூடி, புனித பிலிப்பு நேரியாரின் ஒரற்றோரியன் சபை முறையிலே வாழத் தொடங்கியிருந்தனர். அவர்களோடு சேர்ந்த அடிகளாரை அவர்கள் தலைவராகவே தெரிவு செய்தனர். பதவியும் நற்பெயரும் சொந்த நாட்டிலேயே கிடைத்துவிட்டன. ஆயினும் அவர் உள்ளம் கடலுக்கு அப்பாலேயே இருந்தது. 1686ஆம் ஆண்டு யோவான் என்னும் இளைஞனை மட்டும் துணையாகக் கொண்டு புறப்பட்டார்.

குருவில்லாத 29 ஆண்டுகள்

அக்கால இலங்கையின் நிலையை இங்கே சொல்லுதல் அவசியம். 1656ஆம் ஆண்டு கொழும்பும், 1658ஆம் ஆண்டு மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. ஒல்லாந்தர் சீர்திருத்த சபையினர். கத்தோலிக்கக் குருக்களை அவர்கள் நாட்டைவிட்டு வெளியேற்றினர். ஆலயங்களைத் தம்வசமாக்கினர். குருவானவர் ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றம் என்று கட்டளை பிறப்பித்தனர்.

மறையைக் காரணமாகக் கொண்டு மட்டும் அவர்கள் இவ்வாறு செய்யவில்லை. கத்தோலிக்கர் எல்லாரும் உள்ளூரப் போர்த்துக்கேயரின் பக்கத்தார் என்றும், குருக்கள் கோவாவின் வேவுகாரர் என்றும் அவர்கள் அஞ்சினர். ஆகவே எம் முன்னோர் தம் சொந்த மண்ணிலேயே சந்தேகத்துக்குரியவராயினர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள் 29 ஆண்டுகள் பூசையும் பாவசங்கீர்த்தனமும் இன்றி வாழ்ந்தன. கடைசிப் பூசையைக் கண்ட குழந்தைகள் பிள்ளை பெற்றுப் பெற்றோராகிவிட்டனர்.

இத்தகைய நாட்டினுள்ளே ஐரோப்பியக் குருவானவர் ஒருவர் நுழைந்தால் நிறமே அவரைக் காட்டிக்கொடுக்கும். கோவைக் குருவானவரோ தோற்றத்தில் இந்நாட்டவரைப் போன்றவர். இதை அடிகளார் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே அங்கியைக் களைந்தார். வெறுங்காலும் இடுப்பில் ஒரு துண்டுமாகக் கூலியாளின் கோலம் பூண்டார். தூத்துக்குடியிலிருந்து படகேறி, 1687ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு அளவிலே யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 35.

யாழ்ப்பாணம் வார்த்த கஞ்சி

வந்தவரை வரவேற்க எவரும் இல்லை. கடற்பயணத்தின் பசியும் களைப்பும் சேர்ந்து அவரை வயிற்றுளைவு நோயிலே தள்ளின. தொற்றுநோய் என்று அஞ்சி மக்கள் அவரை விலக்கினர். யார் பெற்ற பிள்ளையோ என்று ஒதுக்கிய இடத்திலே கிடந்த அந்த அந்நியனுக்கு, இரக்கமுள்ள பெண்கள் கஞ்சி கொடுத்து உயிர் காத்தனர் என்பது வழிவழியாக வந்த செய்தி. அவர் குருவானவர் என்பது அப்பெண்களுக்குத் தெரியாது. எந்தச் சமயத்தார் என்றும் அவர்கள் கேட்டதாகச் சொல்லப்படவில்லை. பசித்தவன், வருத்தக்காரன் என்ற அளவே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

அன்பான வாசகர்களே, இக்கஞ்சியை மறந்துவிட வேண்டாம். பத்து ஆண்டுகளின் பின் கண்டியிலே நடந்ததைப் பார்க்கும்போது இது மீண்டும் எம் நினைவுக்கு வரும்.

நோய் தணிந்ததும் அவர் கத்தோலிக்கரைத் தேடத் தொடங்கினார். வாய்திறந்து கேட்பது ஆபத்து. ஆகவே கழுத்திலே செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு பிச்சைக்காரனாக வீடு வீடாகச் சென்றார். செபமாலையைக் கண்டு முகம் மாறுகின்றவர் யார், கண் கலங்குகின்றவர் யார் என்று நோக்கினார். இவ்வாறு ஒரு குடும்பம், அதன்வழி மற்றொரு குடும்பம் என மறைந்திருந்த மந்தை வெளிப்பட்டது. விசுவாசத்திலே உறுதிபெற்ற சில்லாலைக் கிராமம் அவரைத் தன்னகத்தே வைத்துக் காத்தது. பகலிலே கூலியாள், இரவிலே குருவானவர் என வாழ்ந்தார். தமிழிலே செபங்களைச் சொல்லிக்கொடுத்தார்.

ஒல்லாந்தர் விரைவிலே மோப்பம் பிடித்தனர். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்கள் பிடிபட்டனர். அடிகளார் அகப்படவில்லை. பிடிபட்டவர்களிலே சிலருக்குக் கசையடி கொடுக்கப்பட்டது. ஒருவர் அந்த அடியிலேயே உயிர்நீத்தார். எஞ்சியோர் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டனர். எவரும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. இவ்விசுவாசத்தின் கடனும் அடிகளாரின் உள்ளத்திலே ஏறியது. தம்மால் மற்றவர் துன்புறக்கூடாதென்று அவர் புத்தளத்துக்குப் போனார். அது கண்டி அரசரின் ஆட்சிக்குட்பட்ட இடம். ஒல்லாந்தரின் கை அங்கே எட்டாது.

ஒற்றன் என்ற பழி

மலைநாட்டிலே கண்டி அரசு தனித்து நின்ற காலம் அது. இரண்டாம் விமலதர்மசூரியன் 1687ஆம் ஆண்டு முதல் அரசாண்டு வந்தார். அவரது தந்தை இரண்டாம் இராசசிங்கன் அந்நியரை நம்பாதவர். தம் நாட்டினுள்ளே அகப்பட்ட ஐரோப்பியரைத் திரும்பிப் போகவிடாது பல்லாண்டுகள் தடுத்து வைத்திருந்தார். போர்த்துக்கேயர் ஒருபுறமும் ஒல்லாந்தர் மறுபுறமுமாக வந்து தம் நாட்டைப் பங்கிட்டதைக் கண்ட அரச குடும்பம், கரையோரத்திலிருந்து மலையேறிவரும் எவரையும் ஐயத்தோடு பார்த்ததிலே வியப்பில்லை.

மலைநாட்டிலும் கத்தோலிக்கர் இருந்தனர். போர்த்துக்கேயக் கைதிகளின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களைக் காணவேண்டி 1692ஆம் ஆண்டு அடிகளார் கண்டிக்குப் புறப்பட்டார். ஒளித்துப் போகவில்லை. அனுமதி கேட்டே போனார். ஆயினும் அரண்மனையிலே செல்வாக்குப் பெற்றிருந்த சீர்திருத்த சபைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர், வருபவர் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று அரசரிடம் கூறிவிட்டார். சேவகர் வந்து அடிகளாரையும் உடன் வந்தவர்களையும் பிடித்துச் சென்று சிறையிலிட்டனர்.

தாம் ஒற்றன் அல்லன் என்று ஒருவர் எவ்வாறு நிரூபிப்பார்? அவர் போர்த்துக்கேய மன்னரின் குடி என்பது உண்மை. போர்த்துக்கேய மொழி பேசினார் என்பதும் உண்மை. இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும், ஒற்றனும் அப்படித்தான் சொல்வான் அன்றோ? அடிகளார் வாதாடிக் காலத்தைக் கழிக்கவில்லை. சிறையிலிருந்த நாட்களிலே சிங்கள மொழியைக் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் ஒரு சிறு குடிலை எழுப்பி அதிலே பீடம் அமைத்தார். காவலர் முதலில் விறைப்பாக நின்று பார்த்தனர். நாளடைவிலே, இக்கைதி யாரிடமும் இரகசியம் கேட்பதில்லை, செபத்தைத் தவிர வேறு வேலை செய்வதில்லை என்பதை அவர்களே கண்டனர். சுற்றிலுமிருந்த கத்தோலிக்கர் மெல்ல மெல்ல அங்கே வரத் துணிந்தனர்.

1696ஆம் ஆண்டு கடும் வறட்சி உண்டாயிற்று. பௌத்த பிக்குகளின் வேண்டுதல்களும் நடந்தேறிய பின், அரசர் அடிகளாரையும் மழைக்காக மன்றாடும்படி கேட்டார். வெளியிடத்திலே பீடமும் சிலுவையும் வைத்து அவர் முழந்தாளிட்டு மன்றாடினார் என்றும், பெருமழை பொழிந்தது என்றும், அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்றும் மரபு சொல்கின்றது. அதன்பின் அரசர் தமது நாட்டிலே மறைபோதிக்கும் சுதந்திரத்தை அவருக்கு அளித்தார்.

இங்கே அரசரையும் நாம் நன்றியோடு நினைக்கவேண்டும். அவர் உறுதியான பௌத்தர். தம் சமயத்தின் குருத்துவம் தளர்ந்திருந்ததைக் கண்டு, அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதாவை மீண்டும் நிலைநாட்டியவர். தம் சமயத்திலே அத்துணை பற்றுடையவர், பிறர் சமயத்துக்கும் தம் நகரிலே இடம் கொடுத்தார். கரையோரத்திலே கிறிஸ்தவ அரசு கத்தோலிக்கரைத் துரத்தியது. மலைநாட்டிலே பௌத்த அரசர் அவர்களுக்கு நிழல் கொடுத்தார். இது எம் திருச்சபை என்றும் மறக்கக்கூடாத கடன்.

வைசூரி

கோவாவிலிருந்து உதவிக் குருக்கள் வரத்தொடங்கிய நேரம். அவர்களிலே ஒருவர் அடிகளாருக்கு மருமகன் முறையான யோசேப்பு கர்வாலோ அடிகள். இனி இருவராகச் சேர்ந்து ஊர்கள்தோறும் போகலாம் என்ற நம்பிக்கை பிறந்திருந்த அவ்வேளையிலே, 1697ஆம் ஆண்டு, கண்டியில் வைசூரி வெடித்தது.

இக்காலத்துப் பிள்ளைகள் வைசூரியை அறியார். 1980ஆம் ஆண்டு உலகத்திலேயே அந்நோய் இல்லாதொழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அக்காலத்திலோ அதற்கு மருந்து இல்லை. அம்மைப்பால் குத்தும் முறையை எட்வர்ட் ஜென்னர் இங்கிலாந்திலே செய்துகாட்டியது 1796ஆம் ஆண்டு. கண்டிக் கொள்ளைநோய்க்கு 99 ஆண்டுகள் பிந்தியது அது. கடுங்காய்ச்சலோடு தொடங்கி, உடலெங்கும் கொப்புளம் எழுந்து, சீழ்பிடித்து, நாற்றமெடுக்கும் நோய். பிழைத்தவர்களிலும் பலர் தழும்போடும் குருட்டுக் கண்ணோடும் வாழ்ந்தனர். நோயாளியின் மூச்சும், கொப்புளத்து நீரும், கிடந்த துணியும் நோயைப் பரப்பும். தெய்வத்தின் கோபம் என்று மக்கள் நடுங்கினர்.

ஆகவே நோய் கண்டவரைக் காட்டிலே கொண்டுபோய் விடுவது வழக்கமாயிற்று. ஒரு குடிசையும் சிறிது உணவும் வைத்துவிட்டு உறவினர் திரும்பிப் பாராது போயினர். சில வீடுகளிலே நோயாளியை உள்ளே விட்டுவிட்டுச் சுகதேகிகள் ஓடினர். இறந்தவரை அடக்கம் செய்ய ஆளில்லை. பிணங்கள் விலங்குகளுக்கு இரையாயின. அரசர் நகரைவிட்டு அகன்றார். பிரதானிகளும் அகன்றனர். இதற்காக நாம் எவரையும் பழிக்கக்கூடாது. மருந்தில்லா நோய்க்கு அக்காலம் அறிந்த ஒரே மருந்து விலகிப்போதலே.

அடிகளாருக்கும் அவ்வழி திறந்தேயிருந்தது. அரசரே போய்விட்டபின் அவரை யார் தடுப்பார்? புத்தளத்திலே அவருக்கு மக்கள் இருந்தனர். அங்கே போய்ப் பூசை வைத்தாலும் அது குருத்துவப் பணியே. நாடெங்கும் சிதறியிருக்கும் மந்தைக்கு இருப்பதோ விரல்விட்டு எண்ணத்தக்க குருக்கள். இருவரும் கண்டியிலே மாண்டுபோனால் மற்றவர்களின் கதி என்ன? விலகிப்போவதற்கு இது நியாயமான காரணம் என்றே எவரும் சொல்வர். அத்தோடு, நோயுற்றவர்களிலே மிகப் பெரும்பாலோர் அவரது மறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவரைச் சிறையிலடைத்த நகரத்தவர்கள்.

இக்காரணங்கள் எல்லாம் இருந்தும் அவர் நின்றார். மருமகனும் அவரோடு நின்றார். இருவரும் காட்டுக் குடிசைகளைத் தேடிப் போயினர். கைவிடப்பட்ட வீடுகளிலே நோயாளிகளைக் கூட்டிவந்து வைத்துப் பராமரித்தனர். கஞ்சி காய்ச்சி வாயிலே ஊட்டினர். புண்களைக் கழுவினர். கிடந்த இடத்தைக் கூட்டித் துப்புரவாக்கினர். கிடைத்த மூலிகைகளைக் கொடுத்தனர். இறந்தவர்களுக்குக் குழி வெட்டித் தம் தோளிலே சுமந்துபோய் அடக்கம் செய்தனர். பௌத்தரா கத்தோலிக்கரா என்ற கேள்வி அங்கே எழவில்லை.

குழி வெட்டிப் பிணம் சுமந்த கைகள் எந்த மரபிலே வந்தவை என்பதை எண்ணிப் பாருங்கள். பிணத்தைத் தொடுவது தீட்டு என்று பரம்பரை பரம்பரையாகக் கருதிய குலத்திலே அவர் பிறந்தார். சாதி பார்த்துக் கிணற்றுத் தண்ணீரையும் பங்கிட்ட காலம் அது. ஆலயத்துக்குள்ளேயும் இருக்கைகளுக்குச் சாதி பார்த்த நாட்கள் எம்மவர் வரலாற்றிலும் உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டும். அடிகளார் இதைப் பற்றிப் பிரசங்கம் செய்ததாக நாம் கேள்விப்படவில்லை. குழியை வெட்டினார், அதுவே போதுமான பிரசங்கமாயிற்று.

ஏறத்தாழ ஓராண்டு இவ்வாறு சென்றது. நோய் தணிந்தது. திரும்பிவந்த அரசர், இக்குருவானவரின் தரும குணம் இல்லாதிருந்தால் நகரத்துத் தெருக்கள் பிணக்குவியலாகியிருக்கும் என்னும் கருத்துப்படப் பேசினாராம். ஒற்றன் என்ற சொல் அதன்பின் எடுபடவில்லை. சிறையிலே எத்தனை சாட்சி சொல்லியும் துடைக்க முடியாதிருந்த பழியை, அந்த ஓராண்டு துடைத்துவிட்டது. போர்த்துக்கேயரின் ஆள் ஒருவன் கண்டியரின் பிணத்தைச் சுமந்திருப்பானா? எந்த நாட்டிலே பிறந்தார் என்ற கேள்வி பொருளற்றுப் போயிற்று. எந்த மக்களுக்காகச் சாகத் துணிந்தார் என்பதை யாவரும் கண்டுவிட்டனர்.

யாழ்ப்பாணத்துத் தெருவோரத்திலே வார்க்கப்பட்ட கஞ்சியை இப்போது நினைவுகூருங்கள். தொற்றுநோய்க்காரன் என்று ஒதுக்கப்பட்டுக் கிடப்பது எத்தகையது என்பதை அவர் தம் உடலாலே அறிந்திருந்தார். யாரென்று கேளாமல் நீட்டப்பட்ட ஒரு சிரட்டைக் கஞ்சி எத்தகையது என்பதையும் அறிந்திருந்தார். இந்நாடு தமக்குத் தந்ததையே அவர் கண்டிக் காட்டிலே இந்நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று சொல்வது பொருந்தும். மூலதனம் இரக்கமுள்ள அப்பெண்களுடையது, வட்டி அடிகளாருடையது.

திரும்பிப் போகாதவர்

கொள்ளைநோய்க்குப் பின் எல்லாம் சுகமாகவே நடந்தது என்று எண்ணவேண்டாம். மக்களின் நன்றி நெடுநாள் நிலைப்பதில்லை. நோயாளிகளுக்காக உயிரைப் பணயம் வைத்த கர்வாலோ அடிகளே, எதிர்ப்பாளர் தூண்டுதலால் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பெரியவர் மனமுடையவில்லை. கொழும்புப் பக்கம் மாறுவேடத்திலே போய் மறைந்துவாழ்ந்த கத்தோலிக்கரைச் சந்தித்தார். 1699ஆம் ஆண்டு மருமகனையும் அழைத்துக்கொண்டு கண்டிக்கே திரும்பினார். புதிய ஆலயத்தைக் கட்டி முடித்தார். அரசருக்காகப் போர்த்துக்கேய நூல்களைச் சிங்களத்திலே மொழிபெயர்த்தும் கொடுத்தார்.

கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தனர். 1705ஆம் ஆண்டு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரை எம்மவர் சாங்கோபாங்க சுவாமி என்று அறிவர். தவசு காலத்திலே எம் ஆலயங்களில் உருக்கமாய்ப் படிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்த செல்வம். சிங்களத்திலும் தமிழிலும் அவர் ஆக்கிய நூல்கள், இரு மொழி மக்களும் தத்தம் மொழியிலேயே மறையை அறிய வழிசெய்தன. இம்மறைப்பணியிலே ஐரோப்பியர் எவரும் இல்லை. அரசாங்கப் பணமோ படைப்பலமோ அதன் பின்னால் நிற்கவில்லை. ஆசியராகிய குருக்கள் வெறுங்கையோடு வந்து செய்த பணி அது.

அடிகளாருக்கு உயர்பதவி வழங்கவும் எண்ணம் இருந்தது. அவர் அதை விரும்பவில்லை. கால்நடையாகவே ஊரூராகச் சென்றார். 1707ஆம் ஆண்டு விமலதர்மசூரியன் இறந்து, அவர் மகன் நரேந்திரசிங்கன் அரியணை ஏறினார். புதிய அரசரும் அடிகளாரிடம் மதிப்பு வைத்திருந்தார். 1710ஆம் ஆண்டு, உடல் நலிந்திருந்த நிலையிலும், மற்றொரு முறை மக்களைச் சந்திக்கப் புறப்பட்டார். வழியிலே நோய் முற்றிக் கண்டிக்குக் கொண்டுவரப்பட்டார். 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆந் திகதி, தாம் வெளியேற மறுத்த அந்த நகரத்திலேயே உயிர்நீத்தார். அவருக்கு வயது 59. இலங்கைக்கு வந்த நாள் முதல் ஏறத்தாழ 24 ஆண்டுகள். அவ்வளவு காலத்திலும் பிறந்த நாட்டை ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்கச் சென்றாரில்லை.

கண்டியிலே தம் ஆலயத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். ஆயினும் பிற்காலத்து மாற்றங்களிலே அக்கல்லறை இருந்த இடம் மறைந்துபோயிற்று. எத்தனையோ பேருக்குக் குழி வெட்டியவரின் குழி எதுவென்று இன்று எவராலும் காட்ட முடியாது. அவர் அடக்கம் செய்த பெயரில்லா மனிதரைப் போலவே அவரும் இம்மண்ணோடு மண்ணாகிவிட்டார்.

1995ஆம் ஆண்டு தை மாதம் 21ஆந் திகதி கொழும்பு காலிமுகத் திடலிலே திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அதே திடலில் 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆந் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். இலங்கைத் திருச்சபையின் முதற் புனிதர் வெளிநாட்டிலே பிறந்தவர் என்பதைச் சிலர் வியப்போடு கூறுவர். எமக்கு அதிலே வியப்பில்லை. பிறந்த ஊர் ஒருவருக்குத் தானாகவே வாய்க்கின்றது. 1697ஆம் ஆண்டிலே கண்டியை அவர் தாமே தெரிந்துகொண்டார்.

எமக்கு ஒரு சொல்

எம் பங்கிலே பல தலைமுறையாக வாழும் குடும்பங்கள் உண்டு. இடம்பெயர்ந்து வந்து குடியேறியவர்களும் உண்டு. வந்தவர்கள், இருந்தவர்கள் என்ற பேச்சு எம்மிடையே எழாமலும் இல்லை. திருவிழாச் செலவிலும், சபைத் தெரிவிலும், சிலவேளை சேமக்காலை நிலத்திலும்கூட அப்பேச்சு எழுந்ததை நாம் அறிவோம். யார் இவ்வூரவர் என்ற கேள்விக்கு உறுதிப்பத்திரத்தைக் காட்டி விடை சொல்லப் பார்க்கின்றோம். அடிகளாரிடம் உறுதி எதுவும் இருக்கவில்லை.

2020ஆம் ஆண்டு உலகமெங்கும் கொள்ளைநோய் பரவி ஆலயக் கதவுகளும் மூடப்பட்ட நாட்களை நாம் எல்லாரும் கண்டோம். தும்மிய அயலவனைக் கண்டு நாம் கதவடைத்ததும் உண்டு. மதிலுக்கு மேலால் சோற்றுப் பொதியை நீட்டிய கைகளும் உண்டு. அக்கைகளிலே சில, நாம் வந்தவர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தவர்களின் கைகள். அந்த நாட்களிலே யார் எவ்வூரவர் என்பது எமக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது. பின்னர் அதை மறந்துவிடாதிருப்பதே கடினம்.

யூபிலி ஆண்டு பழைய கடன்களைத் தீர்க்கும் ஆண்டு என்று வேதாகமம் கற்பிக்கின்றது. எம் முன்னோரிடையே கிடந்த ஓர் அந்நியனுக்குக் கஞ்சி வார்த்த பெண்களின் பெயர் எவருக்கும் தெரியாது. அவர்கள் எம் பாட்டிமாராகவும் இருந்திருக்கலாம். அக்கஞ்சியிலிருந்து ஒரு புனிதர் எழுந்தார்; ஒரு நகரம் பிழைத்தது. இவ்விழா முடிந்து பந்தலைப் பிரித்தபின், எம் ஒழுங்கையிலே வருத்தமாய்க் கிடப்பவர் எவரென்று ஒருமுறை எட்டிப் பார்ப்போமானால், அதுவே அடிகளாருக்கு நாம் எடுக்கும் திருவிழா.

புனித யோசேவாஸ் அடிகளாரே, எமக்காக வேண்டிக்கொள்ளும்.